எமி ஜோன்சனும் அவர் விமானமும்

ஆகாய வீரரைப் பற்றிப் பேசுமிடத்து அவர்தம் துணிவை மாத்திரம் புகழ்வது எமது வழக்கம். ஆங்கில நாட்டு எமி ஜோன்சனின் சரிதையைப் படித்தபோதோ, துணிவினும் அவரது கைத்தொழிலறிவே எம்மைப் பெரிதும் கவர்ந்தது.

1903ம் ஆண்டு ஹல் நகரில் ஒரு மீன் வர்த்தகரின் மகளாய்ப் பிறந்த இவர், ஷெபீல்ட் சர்வகலாசாலையிற் கலைப் பட்டம் பெற்று, இலண்டனில் ஒரு சட்டத்தரணியிடம் காரியதரிசியாய் அமர்ந்தார். பட்டமும் உத்தியோகமும் கிடைத்தாற் போதும் என்றிருப்போர் எம்மிற் பலர். (சைக்கிள் சங்கிலி கழன்றாலே கடைக்குத் தள்ளிச் செல்லும் சர்வகலாசாலை மாணவர் நாம்!) இவருக்கு அவை போதவில்லை. ஓய்வு நேரங்களிற் பறக்கப் பழகினார். அத்துடன் நில்லாது, விமானக் கொட்டகையிலே இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டவும் பழகினார். 1929ல் விமானிக்குரிய அனுமதிப் பத்திரமும், அவ்வாண்டு முடியுமுன் இயந்திர வினைஞருக்குரிய பத்திரமும் பெற்றார். பின்னையதைப் பெற்ற முதற் பிரித்தானியப் பெண் இவரே.

தந்தையாரும் வேக்பீல்ட் பிரபுவும் பொருளுதவ, ஏறக்குறைய 600 பவுணுக்கு ஒரு பழைய ஜிப்சி மொத் விமானத்தை வாங்கினார். மரமும் துணியுங் கொண்டமைந்த சிறு விமானம் அது. எஞ்சின் வலு 100 குதிரை. தந்தையாரின் வியாபாரக் குறியான ஜேசன் என்பதையே அதற்குப் பெயராக இட்டார். நெடும் பயணத்துக்கென மேலதிகப் பெற்றோல் தாங்கிகள் பொருத்தப்பட்டன. முன்னே சுழலும் விசிறி முறிந்தாற் பூட்டவென வேறொன்றை விமானத்தின் பக்கத்திற் கட்டிக்கொண்டார்.

1930 மே 5ந் திகதி குரொய்டனிலிருந்து தனியே புறப்பட்டார். ஆறு நாளிற் கராச்சியை அடைந்தது அன்றைய சாதனையாகும். ஆனால் இரங்கூனுக்கு அருகே, பந்தயத் திடலென எண்ணி இன்சீன் தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கிவிட்டார்! விமானம் ஓடிச்சென்று பள்ளத்தில் விழுந்தது. சிறகு கிழிந்தது, விசிறியும் முறிந்தது. அக்கல்லூரி ஆசிரியரும் மாணவரும் திரண்டு உதவினர். முதலாம் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியிலே தைத்த சட்டைகள் கிடைக்க, அவற்றையே பிரித்துச் சிறகுக்கு ஒட்டுப் போட்டனர். கட்டிவந்த விசிறியும் பயன்பட்டது. மூன்று நாளில் ஜேசன் மீண்டும் எழுந்தது.

மே 24ந் திகதி டார்வினை அடைந்தார். ஹிங்க்லர் 1928ல் நாட்டிய பதினைந்தரை நாட் சாதனையை இவர் முறியடிக்கவில்லை. எனினும் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனித்துப் பறந்த முதற் பெண் இவரே. ஜேசன் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிற் பேணப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களை இடத்துக்கிடம் கொண்டுசேர்க்கும் பணியில் எமி சேர்ந்தார். 1941 ஜனவரி 5ந் திகதி தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்தார். அவரைக் காக்கக் குளிர்நீரிற் குதித்த கப்பற் தலைவர் பிளெச்சரும் உயிர் துறந்தார். முப்பத்தேழே வயதான எமியின் உடல் கிடைக்கவேயில்லை.