குடியுரிமைக்காகக் காத்திருந்த உழவர்

அமெரிக்காவில் தேர்தல் வரும்போதெல்லாம், அங்கே போட்டியிடும் இந்திய வம்சாவளியினரின் பூர்விக ஊரைத் தேடிப் புறப்படுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. 2020-இல் கமலா ஹாரிஸ் துணை அதிபராகத் தேர்வானபோது திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் உலகச் செய்தியானது. பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர் என்பதைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். இவர்கள் எல்லோருக்கும் முன்பாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்குள் நுழைந்த தலீப் சிங் சௌந்தை மட்டும் மறந்துவிட்டோம். சங்கரன்கோவில் பக்கத்து ராயகிரியில், பிள்ளைகளைப் படிக்க வைத்து அமெரிக்கா அனுப்பக் கனவு காணும் குடும்பங்களுக்கு நடுவில் வாழும் எனக்கு, இன்று மற்ற எவருடைய வாழ்க்கையையும்விட அவருடைய வாழ்க்கையே முக்கியமாகப் படுகிறது.

சௌந்த் 1899-இல் பஞ்சாபின் அமிருதசரஸ் மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தார். 1920-இல் அமெரிக்கா சென்று, பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1924-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் மாணவராக இருந்தபோதே, 1923-இல், பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் எனத் தீர்ப்பளித்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர் திந்த். அந்தச் சேவையும் அவருக்கு அன்று உதவவில்லை.

முனைவர் பட்டம் பெற்ற சௌந்த் வேலை தேடிச் சேர்ந்த இடம் பருத்திக் காடு. கொலராடோ ஆற்று நீரால் பாலைவனம் விளைநிலமான இம்பீரியல் பள்ளத்தாக்கில், பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேற்பார்வையாளர் ஆனார். பிறகு சொந்தமாகப் பயிரிட்டார். குடியுரிமைக்குத் தகுதியற்றவர் விளைநிலத்தை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்பது கலிபோர்னியாவின் சட்டம். இந்திய உழவர் பலர் பிறர் பெயரில் நிலம் பிடித்தே பிழைத்தனர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து சௌந்த் பெருங்கடனில் வீழ்ந்தார். திவால் அறிவித்துத் தப்பிக்கச் சட்டத்தில் இடமிருந்தும் அதை நாடாமல், பல ஆண்டுகள் உழைத்துக் கடனைத் தீர்த்தார். எலுமிச்சைக்கும் கரும்புக்கும் விலை கிடைக்காத ஆண்டின் வலியை அறிந்த நம் வட்டார விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1942-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்தியச் சங்கத்தின் முதல் தலைவராக அவர் குடியுரிமைக்காகப் பாடுபட்டார். அதே கோரிக்கைக்காக வேறு இந்தியர்களும் வாஷிங்டனில் போராடினர். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸும் ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும் கட்சி வேறுபாடு கடந்து முன்னெடுத்த சட்டத்தில் 1946 ஜூலை 2-இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம். ஏற்கெனவே குடியேறியவர்கள் குடியுரிமை கோரலாம். சௌந்த் 1949 டிசம்பரில் அமெரிக்கக் குடிமகனானார். அந்நாட்டில் கால்வைத்து 29 ஆண்டுகளுக்குப் பிறகு!

மறு ஆண்டே வெஸ்ட்மோர்லாந்து ஊரின் நீதிபதித் தேர்தலில் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. சோர்ந்துவிடாமல் 1952-இல் மீண்டும் நின்று வென்றார். 1956-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலில் இறங்கியபோது, அவரை எதிர்த்தவர் ஒலியைவிட வேகமாக விமானம் ஓட்டிய முதல் பெண்மணியான ஜாக்குலின் காக்ரன். நாடெங்கும் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவருக்கு ஆதரவு அலை வீசிய ஆண்டு அது. இருந்தும் சௌந்த் வென்றார். இந்தியர் வாக்கு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத தொகுதியில், அவரைப் பக்கத்து வயல்காரராகவும் நீதிபதியாகவும் அறிந்தவர்களின் நம்பிக்கையே அவருக்குப் பலமாயிற்று என்று நான் கருதுகிறேன்.

மூன்று முறை தொடர்ந்து வென்ற அவர், 1957-இன் சிவில் உரிமைச் சட்டத்தை ஆதரித்து வாக்களித்தார். தமக்கு வழி கிடைத்துவிட்டது என்று கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கவில்லை. 1962-இல் பக்கவாதம் அவரைப் பேச முடியாதவராக்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார். 1973-இல் மறைந்தார். அடுத்த இந்திய வம்சாவளியினரான பாபி ஜிண்டால் அந்த அவைக்குள் நுழைந்தது 2005-இல்தான்.

இந்த வரலாற்றை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. 2025 ஜனவரி 20-இல் பதவியேற்ற அன்றே, பிறப்பால் வரும் குடியுரிமையைச் சுருக்கும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அது உடனே நீதிமன்றங்களுக்குச் சென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. வந்தேறிகளுக்கு எதிரான அரசியல் தங்களைத் தொடாது என்று எண்ணிய அமெரிக்க இந்தியர் சிலருக்கு இது அதிர்ச்சி. சௌந்தின் கதையை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. தகுதியும் பட்டமும் உழைப்பும் இருந்தும் ஒருவரைச் சட்டம் வெளியே நிறுத்த முடியும். அச்சட்டத்தை மாற்றியது பல தரப்பினர் சேர்ந்து செய்த அரசியல் உழைப்பு.

நமக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஆலைகளிலும் கட்டடங்களிலும் உழைப்போர் அந்நியர்களே அல்லர்; இந்நாட்டின் குடிமக்கள். அவர்களை வந்தேறிகள் என்று ஏளனம் செய்துகொண்டே, அமெரிக்கா நம் பிள்ளைகளை மதிப்போடு நடத்த வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? கலிபோர்னியாவின் உழவர்கள் 1956-இல் காட்டிய நியாய உணர்வை நாம் நம் ஊரில், நம் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் காட்டத் தொடங்கலாம்.