பாலையில் நெருப்பைப் படித்தவர்

திருவானைக்காவலில் வசிப்பவர்களுக்கு ஐம்பூதங்களில் நீரோடுதான் உறவு அதிகம். ஜம்புகேசுவரர் கருவறையில் ஊறும் நீரைப் பார்த்து வளர்ந்தவன் நான். நெருப்புக்குத் திருவண்ணாமலை என்பது இவ்வூர்க் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால், ஒரு காலத்தில் உண்மையாகவே நெருப்புக் குழம்பாக இருந்து பின்னர் கல்லாகிப்போன மலையை நான் தொட்டுப் பார்த்தது ராஜஸ்தான் பாலைவனத்தில்.

பல ஆண்டுகளுக்கு முன், பொருளாதாரக் கருத்தரங்கு ஒன்றுக்காக ஜோத்பூர் சென்றிருந்தேன். மெஹ்ரான்கர் கோட்டையைத் தாங்கி நிற்கும் செம்பழுப்புப் பாறைகள் அடுக்கிவைத்த தூண்களைப்போல் இருந்தன. அவை சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறைகள் என்றும், அவ்விடம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்றும் அங்கே அறிந்துகொண்டேன். 'மாலானி' என்று அழைக்கப்படும் இப்பாறைத் தொகுதி, மேற்கு ராஜஸ்தானில் பல்லாயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. பார்மர் பகுதியின் பழைய பெயரான மாலானியை அதற்குச் சூட்டியவர் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு.

பிளான்ஃபோர்டு என்ற குடும்பப் பெயர் எனக்குப் புதிதல்ல. வேளாண் பொருளாதாரம் கற்பித்தவர்கள் வில்லியமின் தம்பி ஹென்றியை அறிவார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர் அவர். இமயமலைப் பனியின் அளவைக்கொண்டு பருவமழையை முன்கணிக்கும் முயற்சியைத் தொடங்கியவரும் அவரே. அதற்கு முன்பு அவர் எங்கள் திருச்சி மாவட்டத்தின் பாறைகளை அளந்தார். உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் 1862-இல் வகுத்த பிரிவுகளை இன்றும் நிலவியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

அண்ணன் வில்லியம் 1832-இல் லண்டனில் பிறந்தார். தந்தை சித்திர வேலைப்பாடும் தங்கப் பூச்சும் செய்யும் தொழில் நடத்தியவர். மகனும் சிறிது காலம் அதில் ஈடுபட்டார். உடல்நலம் குன்றியதால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இத்தாலியில் ஒரு வணிக நிறுவனத்தில் இருந்தார். பிறகு லண்டன் சுரங்கவியல் கல்லூரியில் சேர்ந்தபோதுதான் அவருக்குரிய பாதை தெரிந்தது. 1855-இல் சகோதரர்கள் இருவரும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியேற்றுக் கொல்கத்தா வந்தனர்.

அத்துறையை ஆங்கிலேய ஆட்சி 1851-இல் உருவாக்கியது அறிவுத் தாகத்தால் அன்று. நிலக்கரி தேவைப்பட்டது என்பதால். பிளான்ஃபோர்டும் நிலக்கரி தேடித்தான் ஒடிஸாவின் தால்ச்சேருக்கு அனுப்பப்பட்டார். அங்கே நிலக்கரி அடுக்குகளுக்கு அடியில் கிடந்த உருண்டைக் கற்களைப் பார்த்து, அவற்றைக் கொண்டுவந்தது பனிக்கட்டியாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவரும் உடன் சென்றவர்களும் வந்தனர். வெயில் கொளுத்தும் நாட்டில் ஒருகாலத்தில் பனி உறைந்திருந்தது என்று சொல்ல அன்று துணிவு வேண்டியிருந்தது. பிற்கால ஆய்வுகள் அதை மெய்ப்பித்தன.

எரிமலைகள் அவரை விடவில்லை. பர்மாவின் அணைந்த எரிமலையான போப்பா மலைக்குச் சென்றுவந்து 1862-இல் எழுதினார். தக்காணத்தின் கரும்பாறைகள் கடலடியில் உருவானவை அல்ல, நிலத்தின்மீது வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு என்பதை நிறுவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1868-இல் அபிசீனியப் படையெடுப்புடனும், 1872-இல் பாரசீக எல்லைக் குழுவுடனும் பயணம் செய்தார்.

அதன்பின் சிந்துவுக்கும் ராஜபுதனத்துக்கும் இடையிலான தார் பாலைவனத்தைக் கடந்தார். மணல்மேடுகளுக்கு நடுவே தீவுகளைப்போல் தலைநீட்டிய சிறு குன்றுகளில், பழைய எரிமலைகளின் குழம்பையும் சாம்பலையும் அடையாளம் கண்டார். பாறையின் வயதை அளக்கும் கதிரியக்க முறை அன்று இல்லை. எந்த அடுக்கு எதன் கீழ் கிடக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுதான் வரிசைப்படுத்தினார். அக்குறிப்புகள் 1877-இல் வெளியாயின. 1879-இல் மெட்லிகாட்டுடன் சேர்ந்து இந்திய நிலவியலின் முதல் பெருங்கையேட்டை எழுதினார்.

1882-இல் ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. இந்திய விலங்கினங்கள் குறித்த பெரும் நூல்வரிசையின் பதிப்பாசிரியரானார்; பாலூட்டிகள் பற்றிய தொகுதியைத் தாமே எழுதினார். 1905-இல் மறைந்தார்.

அவர் பணியாற்றியது அந்நிய ஆட்சிக்காக. அந்த ஆட்சி நிலவளத்தைத் தேடியது யாருடைய நலனுக்காக என்பதை மறந்துவிட முடியாது. ஆனாலும், நிலக்கரிக்காகச் செலவிட்ட பணத்தில் விளைந்த அறிவு யாருடைய தனிச்சொத்தாகவும் நிற்கவில்லை. பொருளாதாரத்தில் இதைப் பொதுப்பண்டம் என்போம். ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாதது. அதனாலேயே சந்தை தானாக உற்பத்தி செய்யத் தயங்குவது.

அதன் பயன் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. மாலானித் தொகுதியைச் சேர்ந்த சிவானா குன்றுகளில் இன்று அருமண் தனிமங்களைத் தேடுகிறோம். மின்சார வாகனங்களின் காந்தங்களுக்கு வேண்டிய இவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா 2025-இல் கட்டுப்பாடு விதித்தபோதுதான் அவற்றின் அருமை பலருக்கும் உறைத்தது. தார் பாலைவனத்தைக் கடந்த பிளான்ஃபோர்டிடம் இதன் இலாபம் என்ன என்று யாரேனும் கேட்டிருந்தால், அவரிடம் விடை இருந்திருக்காது.

ஜோத்பூர்ப் பாறைக்கு அறிவிப்பாவது இருக்கிறது. தம்பி ஹென்றி அளந்த நிலத்தின் நிலை என்ன? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் வெளியுலகுக்கு அறிவித்த கல்மரம் வேலிக்குள் பாதுகாக்கப்படுகிறது. ஆனால், காரை ஓடைகளில் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிரிகளின் படிவங்களைப் பார்க்க வருபவர்கள் பைநிறைய அள்ளிச் செல்வதை நானே கண்டிருக்கிறேன். தடுக்க ஆளில்லை.

நிலவியல் பாரம்பரியத்தைக் காக்க 2022-இல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அத்தகைய சட்டம் இனியும் தாமதிக்கக் கூடாது. சட்டம் வரும்வரை காத்திராமல், காரையைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் திருச்சிக் கல்லூரிகளும் இணைந்து காவலும் வழிகாட்டலும் தொடங்கலாம். செலவு சிறியது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன் கணக்கில் விலை உண்டு. அதில் பதிந்த வரலாற்றுக்கு விலை இல்லை. விலை இல்லாததாலேயே அது மதிப்பற்றது என்று கருதிவிடக் கூடாது. நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, இதை உணர்த்த ஒரு பாலைவன மலை தேவைப்பட்டது.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).