நாணலில் கரும்பைத் தேடிய வெங்கட்ராமன்

உங்கள் வயலில் நிற்கும் கரும்பின் பெயர் 'கோ' என்று தொடங்குகிறதா? அந்த 'கோ' நம் கோயம்புத்தூர்தான். அந்த இரண்டு ஒலிகளை பஞ்சாப் முதல் அமெரிக்காவின் லூசியானா வரை கொண்டுபோனவர் ஓர் அரசு அலுவலர், சர் டி.எஸ். வெங்கட்ராமன் (1884-1963).

சென்னை மாகாண வேளாண் துறையில் இருந்த இவர், 1912-ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது டாக்டர் பார்பரின் உதவியாளராகச் சேர்ந்தார். கோவையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? வட இந்தியாவில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிப்பதில்லை. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் பூக்கும், முளைக்கும் விதையும் கொடுக்கும். கரணை நட்டால் தாய்க்கரும்பே திரும்ப வரும். புது ரகம் வேண்டுமென்றால் விதையிலிருந்துதான் வரவேண்டும். பஞ்சு போன்ற அந்தப் பொடி விதையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஆயிரக்கணக்கில் முளைக்கவிட்டு, வருடக்கணக்கில் கழித்துக் கழித்து, கடைசியில் ஒன்றிரண்டுதான் தேறும்.

அன்றைய சிக்கல் இதுதான். நம் பக்கத்துத் தடித்த கரும்பு வடக்கின் பனியையும் வெள்ளத்தையும் தாங்காது. அங்கே விளைந்த மெல்லிய கரும்போ தாங்கும், ஆனால் எடை வராது. நாடு ஜாவா சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அந்த நிலையில் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை, ஆற்றோரம் காடாய் மண்டும் நாணலோடு (பேய்க்கரும்பு என்பீர்களே, அதேதான்) ஒட்டுச்சேர்த்தார்கள். சர்க்கரைக்கு ஆகாத புல்லைக் கரும்போடு சேர்ப்பது அன்று துணிச்சலான காரியம். நாணலின் வேர்ப்பிடிப்பும் தூர்க்கட்டும் தாங்குதிறனும் அதில் இறங்கின. 1918-ல் வெளிவந்த கோ 205, பஞ்சாபில் நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது.

1919-ல் பார்பர் விலக, பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. 1942 வரை அதே ஊர், அதே பயிர். பீகாருக்கு கோ 213. பிறகு கோ 281, கோ 290. இந்த இரண்டும் கடல் கடந்தும் சாகுபடியாயின. 1932-ல் அரசு சர்க்கரைத் தொழிலுக்கு வரிப் பாதுகாப்பு தந்து ஆலைகள் மளமளவென எழுந்தபோது, அவற்றுக்கு அரைக்கக் கரும்பு இருந்தது என்றால் அதில் கோவை ரகங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தென்னாட்டுக்கு அவர் தந்தது கோ 419. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த எண்ணைச் சொன்னாலே முகம் மலரும்.

கரும்பை மூங்கிலோடும் ஒட்டுச்சேர்த்ததாக 1930-களில் அறிவித்தார். பிற்கால ஆய்வாளர்கள் அதைச் சந்தேகித்தார்கள். எனக்கும் அதில் முழு நம்பிக்கை இல்லை. அவர் பெயர் நிற்பது மூங்கிலால் அல்ல, நாணலால்.

1937-ல் இந்திய அறிவியல் மாநாட்டுத் தலைவர், 1942-ல் சர் பட்டம், 1956-ல் பத்மபூஷண்.

எந்த ரகமும் நிரந்தரமில்லை. கோ 205 போயிற்று, கோ 419-ம் ஒதுங்கியது. உத்தரப்பிரதேசத்தில் பெரும்பரப்பைப் பிடித்த கோ 0238, சில ஆண்டுகளாகச் செவ்வழுகலில் அடிபடுகிறது. நம் மாநிலத்தில் நீண்டகாலமாக கோ 86032 ஒன்றையே அதிகம் நம்பியிருக்கிறோம். அடுத்த நடவுக்கு உங்கள் தோட்டத்தில் ஒரு பகுதிக்காவது வேறு ரகம் பொருந்துமா என்று வீரகேரளத்தில் உள்ள கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்திலோ ஆலையின் கரும்பு அலுவலரிடமோ கேளுங்கள். விதைக்கரணையை நோயில்லாத நாற்றங்காலில் இருந்து மட்டும் எடுங்கள்.