ஜகார்த்தாவில் கோல் காத்த தங்கராஜ்

தெருவில் பையன்கள் பந்து உதைக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. ஓடத் தெரியாதவனைக் கோலில் நிறுத்திவிடுவார்கள். பொன்னேரியானாலும் சரி, சென்னையானாலும் சரி, எங்கும் இதே கதைதான். கோலில் நிற்பவன் பத்துப் பந்தைப் பிடித்தால் யாரும் பேசமாட்டார்கள். ஒரு பந்தை விட்டுவிட்டால் எல்லோரும் சேர்ந்து திட்டுவார்கள்!

அந்த இடத்தில் நின்றுதான் ஒருவர் ஆசியாவிலேயே சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கினார். அவர் பெயர் பீட்டர் தங்கராஜ். பெயரைக் கேட்டாலே நம்மவர் என்று தெரிந்துவிடும்.

பட்டாளத்தில் சேர்ந்தார்

தங்கராஜ் 1935-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி, கிறிஸ்துமசுக்கு முதல் நாள், ஐதராபாத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் ஐதராபாத்தும் அதன் இரட்டை நகரமான செகந்திராபாத்தும் கால்பந்துக்குப் பேர் போன ஊர்கள். செகந்திராபாத்தில் பட்டாளத்தார் குடியிருப்புகள் அதிகம். மைதானங்களும் அதிகம். பிழைப்புக்காக அங்கே போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பிற்காலத்தில் தங்கராஜுடன் இந்திய அணியில் ஆடிய துளசிதாஸ் பலராமும் அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைதான்.

இளைஞர் தங்கராஜ் அங்கே 'மார்னிங் ஸ்டார்', 'பிரண்ட்ஸ் யூனியன்' ஆகிய சங்கங்களில் பந்தாடினார். 1953-ம் ஆண்டு ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி மலையில் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் இருக்கிறது. அங்கேதான் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம். அந்த நிலையத்துக்குத் தனிக் கால்பந்து அணி உண்டு. அதில் தங்கராஜ் சேர்ந்தார்.

ஆனால் கோல் கீப்பராக அல்ல! அவர் அப்போது முன்னணியில் ஓடி கோல் போடும் 'சென்டர் பார்வர்டு'.

பிறகுதான் அவர் கோலுக்கு வந்தார். அவருடைய உயரம் ஆறு அடிக்கும் அதிகம். கை நீளம். கால்பந்துக் கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. சாதாரண மனிதனுக்கு அது வாசல் இல்லாத வீடு போலத் தெரியும். தங்கராஜ் நடுவில் நின்று கையை விரித்தால், எதிரிக்குப் பந்து போட இடம் எங்கே என்று தேடவேண்டி வரும்.

கோல் போட்டுப் பழகியவர் கோல் காக்க வந்ததில் ஒரு லாபமும் இருந்திருக்க வேண்டும். பந்துடன் ஓடி வருகிறவன் மனத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும் அல்லவா?

டெல்லியில் நடந்துவந்த துராந்து கோப்பைப் பந்தயம் 1888-ம் ஆண்டு தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய கால்பந்துப் பந்தயம் அதுதான். 1955-ம் ஆண்டும், பிறகு 1958-ம் ஆண்டும் அந்தக் கோப்பை வெலிங்டன் சிப்பாய்களுக்குக் கிடைத்தது. பெரிய பெரிய கல்கத்தா சங்கங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

மெல்போர்ன், ரோம்

1956-ம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணி புறப்பட்டபோது தங்கராஜுக்கு இருபது வயது. எஸ்.எஸ். நாராயணன் என்பவரும் கோல் கீப்பராக உடன் சென்றார். அந்த அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரை இறுதிக்குப் போனது. ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசிய நாடு அரை இறுதியை எட்டியது அதுவே முதல் தடவை. அங்கே யுகோஸ்லாவியாவிடம் 4-1 என்றும், வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்றும் தோற்றது. நான்காம் இடம் கிடைத்தது.

1958-ல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டு நடந்தது. அங்கும் இந்தியாவுக்கு நான்காம் இடம்தான். ஆனாலும் அந்த ஆண்டு ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்ற புகழ் தங்கராஜுக்கு வந்தது.

1960-ல் ரோம் ஒலிம்பிக். அங்கேரியிடம் இந்தியா 2-1 என்றுதான் தோற்றது. அந்த அங்கேரி பிறகு வெண்கலம் வாங்கியது. பிரான்சுடன் நடந்த ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது அதுவே கடைசி.

அதே ஆண்டில் ராணுவ அணிக்குத் தலைவராக இருந்து சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்தார் தங்கராஜ். ராணுவ அணிக்கு அந்தக் கோப்பை கிடைத்தது அதுவே முதல் தடவை. பிறகு பட்டாளத்தை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தில் சேர்ந்தார்.

கல்கத்தா ஆட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டும். அங்கே லீக் பந்தயம் மழைக்காலத்தில் நடக்கும். மைதானம் வயல் போலச் சேறாகிவிடும். அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. தண்ணீரை உறிஞ்சினால் கனத்துப்போகும், சோப்புக்கட்டி போல வழுக்கும். அதைப் பாய்ந்து பிடிக்கவேண்டும். பிடித்த பிறகும் நிம்மதி இல்லை. பந்து வைத்திருக்கும் கோல் கீப்பரை எதிரி தோளால் இடிப்பதற்கு அக்காலத்து விதி இடம் கொடுத்தது. கோலைச் சுற்றிக் கூடியிருக்கும் ரசிகர்களோ சொந்த அணி தோற்றால் சும்மா இருக்கமாட்டார்கள். சோறு போடும் சங்கமும் அதுதான், வசை கேட்கும் இடமும் அதுதான்.

காய்ச்சலுடன் ஒரு போராட்டம்

இனி 1962-க்கு வருவோம். தங்கராஜ் என்றால் இன்றும் அந்த ஆண்டைத்தான் சொல்கிறார்கள்.

இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. இஸ்ரேல், தைவான் ஆகிய இரு நாட்டாரையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. இது முறையல்ல என்று இந்திய விளையாட்டு அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். அவ்வளவுதான்! ஊர் கொதித்தது. இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. வெளியே தலைகாட்டுவதற்கே இந்திய ஆட்டக்காரர்கள் யோசிக்க வேண்டியிருந்தது.

ஆட்டத்திலும் நிலைமை நன்றாக இல்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியா 2-0 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. அடுத்து தாய்லாந்தை வென்றபோது பின்னணி வீரர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து தையல் போடப்பட்டது. தங்கராஜையோ சளிக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அவருக்குப் பதிலாக பிரத்யுத் பர்மன் கோலில் நின்றார். அப்படியும் ஜப்பானை வென்று, அரை இறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்று, இந்தியா இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

எதிரே மறுபடியும் தென் கொரியா!

பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். இவரும் ஐதராபாத்காரர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன் அவர் இரண்டு முடிவுகள் செய்தார். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைல் சிங்கை முன்னணியில் நிறுத்தினார். காய்ச்சலில் கிடந்து எழுந்த தங்கராஜைக் கோலுக்கு அழைத்தார்.

கொரியர்கள் ஓரங்களிலிருந்து பந்தை உயரத் தூக்கிக் கோலுக்கு முன்னால் போடுகிறவர்கள். அதைத் தலைக்கு மேல் எட்டிப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும். உடம்பு தேறாத உயரமானவரா, உடம்பு நன்றாக உள்ள மற்றவரா? ரஹீம் உயரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பந்து நழுவியிருந்தால், நோயாளியை ஏன் நிறுத்தினாய் என்று நாடே அவரைக் கேட்டிருக்கும்.

செப்டம்பர் 4-ந்தேதி. மைதானத்தில் ஒரு லட்சம் பேர். இந்தியாவின் தேசிய கீதத்தின்போதே கூச்சல். இந்திய வீரர் காலில் பந்து பட்டால் ஊளை. அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்! அதே ஜகார்த்தாவில் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியாவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள்.

17-வது நிமிடம் பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். 20-வது நிமிடம் ஜர்னைல் சிங் இரண்டாவது கோல் போட்டார். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இரண்டு கோலைக் காப்பாற்ற வேண்டும். கொரியர்கள் விடாமல் ஏறி வந்தார்கள். முன்னே அருண் கோஷும் சந்திரசேகரும் திரிலோக் சிங்கும் தடுத்தார்கள். அவர்களைத் தாண்டி வந்ததைத் தங்கராஜ் பார்த்துக்கொண்டார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது ஒரு கோல் விழுந்தது. 2-1. கூட்டம் எழுந்து நின்றது. இன்னொன்று விழுந்தால் எல்லாம் போயிற்று!

விழவில்லை. தங்கம் இந்தியாவுக்குக் கிடைத்தது. 1951-ல் டெல்லியில் ஒன்று, 1962-ல் ஜகார்த்தாவில் ஒன்று. ஆசிய விளையாட்டில் கால்பந்துக்காக இந்தியா வாங்கிய தங்கம் இந்த இரண்டே இரண்டுதான்.

ரஹீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

உருக்கு நகரில்

தங்கராஜ் அதன் பிறகு மோகன் பகானிலும், 1965 முதல் ஈஸ்ட் பெங்காலிலும் ஆடினார். கல்கத்தாவின் மூன்று பெரிய சங்கங்களுக்கும் கோல் காத்தவர் என்பது சின்ன விஷயம் அல்ல. இந்த மூன்று கொடிகளில் ஒன்றை நேசிப்பவர்கள் மற்ற இரண்டின் முகத்தில் விழிக்கமாட்டார்கள்! 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம் கிடைத்தபோதும் அவர் அணியில் இருந்தார். 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுக்கும் போனார். 1967-ல் இந்திய சர்க்கார் அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு பயிற்சியாளர் வேலை. கடைசியில் பொகாரோ உருக்கு நகரத்துக்குப் போனார். அங்கே உருக்காலை நிறுவனம் நடத்திய கால்பந்துப் பள்ளியில் இளம் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஒரு லட்சம் பேர் ஊளையிட்ட மைதானத்தில் நின்றவர், தொழிற்சாலை ஊரில் பையன்களுக்குப் பந்தை எப்படி நெஞ்சோடு அணைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்.

பொகாரோவிலேயே 2008-ம் ஆண்டு நவம்பர் 24-ந்தேதி மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 72. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் 73 நிறைந்திருக்கும்.