80 வயதில் கட்சி தொடங்கிய ராஜாஜி

80 வயசுல ஒருத்தர் என்ன செய்வார்? பேரப்பிள்ளைகளோட இருப்பார், கோயிலுக்குப் போவார். ராஜாஜி அந்த வயசுல அரசாங்கத்தை எதிர்த்துப் புதுக் கட்சி ஆரம்பிச்சார்.

1878 டிசம்பர் 10-ஆம் தேதி ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் பேர் பெற்ற வக்கீல். காந்தியடிகளுக்காகத் தொழிலை விட்டார். 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து, உப்பெடுத்துச் சிறை போனார். பிறகு சென்னை மாகாணப் பிரதமர், சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல், மீண்டும் முதலமைச்சர். வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும் எழுதியவர் இவர்தான்.

பதவியில் இருந்தப்போ எல்லாமே சரியா செஞ்சார்னு சொல்ல முடியாது. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவங்க சிறைக்குப் போனாங்க. 1953-இல் கொண்டு வந்த கல்வித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று மக்கள் எதிர்த்தார்கள். அடுத்த வருஷமே பதவி விலகினார். ஆனால் 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும் இவர்தான்.

1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, விவசாயிகளின் நிலத்தைச் சேர்த்துக் கூட்டுப் பண்ணை அமைக்கத் தீர்மானம் போட்டது. தொழில் தொடங்கவும் எதற்கெடுத்தாலும் லைசன்ஸ், பெர்மிட். உழுகிறவன் நிலமும் உழைக்கிறவன் முயற்சியும் அதிகாரி கைக்குப் போயிடும்னு ராஜாஜி பயந்தார். நேரு அவருடைய பழைய நண்பர். இருந்தாலும் அந்த ஆண்டே என்.ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோரோடு சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்.

பணக்காரங்க கட்சி என்ற கேலி வந்தது. அவர் நிறுத்தவில்லை. ஊர் ஊராகப் பேசினார், 'சுயராஜ்யா' இதழில் விடாமல் எழுதினார். மக்களவையில் 1962-இல் 18 இடம். 1967-இல் 44 இடம், மிகப்பெரிய எதிர்க்கட்சி. அரசு இந்தியைத் திணிப்பதையும் இப்போ அவரே எதிர்த்தார்.

1971-இல் கட்சி 8 இடத்துக்குச் சரிந்தது. 1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி வேறொரு கட்சியோடு கலந்துவிட்டது. தோல்விதானே? ஆனால் 1991-இல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசன்ஸ் முறையை இந்திய அரசே எடுத்துவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அரசனுக்கும் மேலே தர்மம் இருக்குன்னு நம்ம இதிகாசங்கள் சொல்லுது. அதை ஆளுறவங்ககிட்ட எடுத்துச் சொல்லப் பதவி தேவையில்லை. பினாங்கில் படிக்கிற, வேலை செய்கிற நமக்கும் அது பொருந்தும். நியாயமா, பயப்படாம, வன்முறை இல்லாம பேசிப் பழகுவோம். நாலு பேர் கேட்டாலும் போதும்!