பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்



மெர்சிங் பக்கம் ஆண்டுக் கடைசி என்றால் அடைமழை. மரம் ஈரமாக இருந்தால் பால்வெட்டு இல்லை. செம்பனைக் காட்டில் தண்ணீர் நின்றால் குலை வெட்டவும் முடியாது. வேலை நாள் குறையும், சம்பளமும் குறையும். அந்த மழையை ஒட்டித்தான் பள்ளிச் செலவும் வந்து நிற்கிறது. சட்டை, சிலுவார், சப்பாத்து, பஸ் காசு என்று பட்டியல் நீளும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், மூத்தவனை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது. அந்தப் பேச்சு எழும் வீடுகளுக்காக இன்று பெருந்தலைவர் காமராசரின் கதையைச் சொல்கிறோம்.

1903 ஜூலை 15ஆம் நாள் விருதுப்பட்டியில் பிறந்தவர் காமராசர். இன்றைய விருதுநகர்தான் அந்த ஊர். தகப்பனார் குமாரசாமி நாடார், தாயார் சிவகாமி அம்மாள், தங்கை நாகம்மாள். பையனுக்கு ஆறு வயது ஆகும்போது தகப்பனார் இறந்து போனார். குடும்பப் பாரம் முழுவதும் தாயார் தலையில் விழுந்தது.

அவர் படித்தது சத்திரிய வித்தியாசாலை. ஊர் நாடார் சமூகத்தார் தொடங்கிய பள்ளி அது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து, வியாபாரிகள் கொடுத்த மகமையையும் சேர்த்துப் பள்ளியை நடத்தினார்கள். பிள்ளைகளிடம் பள்ளிச் சம்பளம் வாங்கவில்லை. பிடி அரிசிப் பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர்.

ஆனாலும் அந்த இலவசப் பள்ளியில்கூட காமராசரால் நீடிக்க முடியவில்லை. ஆறாம் வகுப்பு அளவில் படிப்பு நின்று போச்சு. மாமாவின் துணிக்கடைக்குப் போனார். பள்ளிச் சம்பளம் இல்லை என்றால் மட்டும் ஏழைப் பிள்ளை படித்துவிட முடியாது என்பதற்கு அவரே சாட்சி. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

பிறகு காங்கிரசில் சேர்ந்தார். விடுதலைப் போராட்டத்தில் சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். விட்டுப்போன படிப்பைப் புத்தகங்களாலும் பத்திரிகைகளாலும் தாமே ஈடு செய்துகொண்டார். 1954 ஏப்ரல் 13இல் சென்னை மாநில முதலமைச்சர் ஆனார்.

அதற்கு முந்திய ஆண்டுதான் இராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். அப்பன் தொழில்தான் பிள்ளைக்கும் என்று ஆகிவிடும் என மக்கள் எதிர்த்தார்கள். புதிய அரசு அதைக் கைவிட்டது.

அதன் பின் ஏழைப் பிள்ளையைத் தடுக்கும் ஒவ்வொரு தடையாகக் காமராசர் எடுத்தார். பள்ளி தூரமா? பள்ளி இல்லாத சிற்றூர்களில் ஆயிரக்கணக்கில் பள்ளிகள் திறந்தார். பசியா? 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920 வாக்கிலேயே சோறு போட்டதுண்டு. அதை மாநிலம் முழுவதும் நாட்டுப்புறப் பள்ளிகளுக்குக் கொண்டு போனவர் இவர். பள்ளிச் சம்பளமா? 1960களின் தொடக்கத்துக்குள் ஏழைப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு வரை இலவசம் ஆனது. கிழிந்த சட்டையோடு வர வெட்கமா? இலவசச் சீருடை வந்தது.

இத்தனைக்கும் அரசாங்கப் பணம் போதவில்லை. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், அரிசி பருப்பு கொடுத்தார்கள். அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு. பிடி அரிசிப் பாடம் மாநிலம் முழுவதும் பரவியது என்றே நாம் நினைக்கிறோம்.

1963இல் கட்சிப் பணிக்காகத் தாமே பதவியை விட்டு விலகினார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் காலமானார். கடைசி வரை சென்னையில் வாடகை வீடுதான்.

சரி, நம் கதைக்கு வருவோம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது. ஆனால் தோட்டப் பள்ளியைத் தாண்டிப் பட்டணத்துப் பள்ளிக்குப் போக முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர்! இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2012 முதல் அரசாங்கப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. பாட நூல் இரவல் கிடைக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் உணவுத் திட்டம் இருக்கிறது. 2023இல் பள்ளித் தொடக்க உதவி 150 வெள்ளி ஆனது. வருமானம் பார்க்காமல் கொடுத்தார்கள்.

அப்படியும் பிள்ளை நிற்கிறான் என்றால், கட்டணத்தால் அல்ல. பஸ் காசால், மழைக்காலக் கடனால், இன்னொரு கை சம்பாதித்தால் தேவலை என்ற கஷ்டத்தால். விருதுப்பட்டிப் பையனை நிறுத்தியதும் இதுபோன்ற கஷ்டம்தான்.

ஆகவே மூன்று காரியம் சொல்லுகிறோம். உதவி பாரம் வந்தால் கூச்சப்படாமல் நிரப்பிக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குக் கொடுப்பது நன்கொடை. அதைக் கட்ட முடியவில்லை என்று பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள், தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். மூன்றாவது, தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு பஸ் நிதி. வீட்டுக்கு மாதம் இரண்டு வெள்ளி போதும். ஐம்பது வீடு சேர்ந்தால் மாதம் நூறு வெள்ளி. கணக்கைக் கோயில் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

ஒரு பிடி அரிசி எடுத்து வைத்த அந்தத் தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளைகளில் யார் முதலமைச்சர் ஆவார் என்று தெரியாது. தெரியாமலேதான் எடுத்து வைத்தார்கள்.