கோப்பை கொடுத்த தேயிலை ராஜா

மேலூர் டீக்கடை வரை தெரிந்த பெயர் லிப்டன். அது ஒரு மனிதரின் பெயர்!

தாமஸ் லிப்டன் 1848-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 1871-ல் சிறு மளிகைக் கடை வைத்தார். கடைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1890-ல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் யார்? மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து கடல் கடந்து போன நம் தமிழர்கள்தான். அவர்கள் வியர்வையில் துரையின் செல்வம் வளர்ந்தது.

துரைக்கு விளையாட்டில் பித்து. 1909-ல் இத்தாலியில் டூரின் நகரில் பல நாட்டுக் கால்பந்துக் கோஷ்டிகள் மோதின. ஜெயிப்பவர்களுக்கு லிப்டன் கோப்பை கொடுத்தார். உலகக் கோப்பைப் பந்தயம் தொடங்க அப்போது இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன!

கோப்பையைத் தட்டிச் சென்றவர்கள் யார் தெரியுமா? இங்கிலாந்தின் வெஸ்ட் ஆக்லந்து என்ற சிற்றூர்க் கோஷ்டி. ஆடியவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள்! 1911-ல் மறுபடியும் வந்தார்கள். இத்தாலியின் யுவென்டஸ் கோஷ்டியை 6-1 என்று விரட்டிக் கோப்பையைச் சொந்தமாக்கிக் கொண்டார்கள். பிறகு கடன் தொல்லை. கோப்பை அடகுக்குப் போனது; 1960-ல்தான் மீண்டது.

கோப்பை கொடுத்த லிப்டனோ, வேறொரு கோப்பைக்காக ஏங்கினார். அமெரிக்காவில் நடந்த பாய்மரப் படகுப் பந்தயத்தில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை தோற்றார். மனம் இரங்கிய அமெரிக்கர்கள், காசு சேர்த்து அவருக்கென்றே ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். மறு ஆண்டு, 1931-ல், லிப்டன் காலமானார்.